மெர்ரி மோனார்க் விழா

மெர்ரி மோனார்க் விழா என்பது ஐக்கிய அமெரிக்காவின் ஹவாய் மாநிலத்தில், ஹவாய்த் தீவின் கிழக்குக் கரையில் அமைந்துள்ள ஹீலோ நகரில் ஆண்டுதோறும் நடைபெறும் இசை, நடன விழா ஆகும். ஹவாய் மக்களின் மரபு நடனமான ஹூலாவுக்கென நடத்தப்படும் போட்டிகளுள் இதுவே மிகுந்த மதிப்புக்குரியதாகக் கருதப்படுகின்றது. உயிர்த்த ஞாயிறை ஒட்டித் தொடங்கும் இவ்விழா ஒரு வாரம் நீடிக்கும்.

1964 ஆம் ஆண்டில் முதன்முதலாக நடைபெற்ற இவ்விழா, ஆழிப்பேரலையால் சிதைந்த ஒரு நகருக்குச் சுற்றுலாப் பயணிகளை வரவழைக்கும் நோக்குடனேயே தொடங்கப்பட்டது. ஆயினும் நாளடைவில் அது அழிவின் விளிம்பில் இருந்த ஹவாய் மொழிக்கும் அதன் பாடல் மரபுக்கும் ஒரு காப்பிடமாக மாறியது. விழாவுக்கு வருவோர் பலரும் சென்று பார்க்கும் ஹீலோ உழவர் சந்தையும் இந்நகரின் அடையாளங்களுள் ஒன்றாகும்.

பெயர்

'மெர்ரி மோனார்க்' என்னும் ஆங்கிலத் தொடருக்குக் 'களிப்பு மிக்க மன்னர்' என்பது பொருள். இது 1874 முதல் 1891 வரை ஹவாய் இராச்சியத்தை ஆண்ட மன்னர் டேவிட் கலாகௌவாவுக்கு வழங்கிய பட்டப்பெயர் ஆகும். இசையிலும் நடனத்திலும் பேரார்வம் கொண்டிருந்த இவர், பொது இடங்களிலிருந்து ஏறத்தாழ மறைந்துபோயிருந்த ஹூலாவை மீண்டும் அரண்மனை முற்றத்துக்குக் கொண்டு வந்தார். அதன் நினைவாகவே விழாவுக்கு இப்பெயர் சூட்டப்பட்டது.

பின்னணி

ஹூலாவும் பாடலும்

ஹூலாவைக் காண்போர் அதனை இடையசைவும் கையசைவும் கொண்ட ஒரு நடனமாக மட்டுமே எண்ணுவதுண்டு. உண்மையில் ஹூலாவில் முதன்மையானது சொல்லே ஆகும். ஹவாய் மொழியில் 'மெலெ' எனப்படும் பாடலின் பொருளை உடல் அசைவுகள் விளக்குகின்றன. பாடல் இன்றி ஹூலா இல்லை. மன்னர்களின் குலவரலாறு, தெய்வங்களின் கதைகள், இடப்பெயர்கள், காற்று, மழை ஆகியவற்றின் பெயர்கள் எனப் பலவும் இப்பாடல்களில் பொதிந்துள்ளன. ஐரோப்பியர் வருகைக்கு முன் எழுத்து வழக்கு இல்லாதிருந்த ஹவாய் மக்களுக்கு இப்பாடல்களே நூலகமாக விளங்கின எனலாம்.

தடையும் முதல் மீட்சியும்

1820 ஆம் ஆண்டில் கிறித்தவ மறைபரப்புநர்கள் ஹவாய்க்கு வந்து சேர்ந்தனர். அவர்களது சமயத்தைத் தழுவிய அரசி காஅஹுமனு, 1830 ஆம் ஆண்டில் பொது இடங்களில் ஹூலா ஆடுவதற்குத் தடை விதித்தார். பின்னர் 1850களில் கட்டணம் செலுத்தி உரிமம் பெற்றே ஆட வேண்டும் என்னும் சட்டம் வந்தது. ஆயினும் நாட்டுப்புறங்களில் குடும்பங்களுக்குள் இக்கலை மறைவாகத் தொடர்ந்தது.

1883 ஆம் ஆண்டு பெப்ரவரியில் நடைபெற்ற தமது முடிசூட்டு விழாவிலும், 1886 ஆம் ஆண்டு நவம்பரில் கொண்டாடப்பட்ட தமது ஐம்பதாவது பிறந்த நாள் விழாவிலும் கலாகௌவா வெளிப்படையாக ஹூலா நிகழ்ச்சிகளை நடத்துவித்தார். இதற்கு அக்காலத்தில் கடும் எதிர்ப்பு எழுந்தது. முடிசூட்டு விழாவின் ஹூலா நிகழ்ச்சி நிரலை அச்சிட்டவர்கள் மீது, அதில் இருந்த சொற்கள் ஆபாசமானவை எனக் குற்றம் சாட்டி வழக்கும் தொடுக்கப்பட்டது.

கலாகௌவா 1891 ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோவில் காலமானார். அவருக்குப்பின் முடிசூடிய அவரது தங்கை லிலியுவொகலானி, 'அலோஹா ஓஎ' என்னும் புகழ் பெற்ற பாடலை இயற்றியவர் ஆவார். 1893 ஆம் ஆண்டு ஜனவரி 17 ஆம் நாள் அவரது ஆட்சி கவிழ்க்கப்பட்டது. 1896 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் பள்ளிகளில் ஆங்கிலத்தையே பயிற்றுமொழியாக்கியது. 1898 ஆம் ஆண்டில் ஹவாய் ஐக்கிய அமெரிக்காவுடன் இணைக்கப்பட்டு, 1959 ஆம் ஆண்டில் அதன் 50 ஆவது மாநிலமானது. இக்காலப் பகுதியில் பிறந்த பல தலைமுறையினர் தம் பாட்டன் பாட்டியரின் மொழியைப் பேசத் தெரியாதவர்களாகவே வளர்ந்தனர். சுற்றுலா விடுதிகளில் ஆங்கிலப் பாடல்களுக்கு ஆடப்பட்ட ஹூலாவே உலகுக்குத் தெரிந்த ஹூலாவாக இருந்தது.

விழாவின் தோற்றம்

1960 ஆம் ஆண்டு மே 22 ஆம் நாள் சிலி நாட்டில் நிகழ்ந்த பெரும் நிலநடுக்கத்தால் எழுந்த ஆழிப்பேரலை, பசிபிக் பெருங்கடலைக் கடந்து, மே 23 ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின் ஹீலோவைத் தாக்கியது. நகரில் 61 பேர் உயிரிழந்தனர். 1946 ஆம் ஆண்டிலும் இந்நகர் இவ்வாறே தாக்கப்பட்டிருந்தது. இரண்டாம் அழிவுக்குப் பின், கடலோரத்தின் தாழ்நிலப் பகுதியில் பெரும்பாகம் மீண்டும் வீடு கட்டப்படாமல் பூங்காவாகவும் வெற்றிடமாகவும் விடப்பட்டது. அதே வேளையில், தீவின் பொருளாதாரத்தைத் தாங்கி நின்ற கரும்புத் தொழிலும் சரியத் தொடங்கியிருந்தது.

இந்நிலையில் ஹவாய் மாவட்ட நிருவாகத்தின் தலைவராக இருந்த ஹெலன் ஹேல், நகருக்கு வெளியாரை வரவழைக்கும் ஒரு விழாவுக்குத் திட்டமிட்டார். இப்பணியில் ஹூலா ஆசிரியரான ஜார்ஜ் நாஓப்பே முக்கிய பங்கு கொண்டார். 1964 ஆம் ஆண்டில் நடைபெற்ற முதல் விழாவில், கலாகௌவாவின் முடிசூட்டு நிகழ்ச்சி நடித்துக் காட்டப்பட்டது. மன்னரைப் போலத் தாடி வைத்தவர்களுக்கான போட்டி, தொடரோட்டம் போன்ற கேளிக்கைகளும் இடம் பெற்றன. மரபுக் கலையின் மீட்சி அப்போது முதன்மை நோக்கமாக இருக்கவில்லை.

போட்டியின் தொடக்கம்

1960களின் இறுதியில் விழாவின்மீது மக்களுக்கு இருந்த ஆர்வம் குன்றியது. அவ்வேளையில் டாட்டி தாம்சன் என்னும் பெண்மணி விழாவின் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். கலாகௌவா வளர்த்த கலையை மையப்படுத்தியே விழா அமைய வேண்டும் என அவரும் நாஓப்பேயும் கருதினர். அதன்படி 1971 ஆம் ஆண்டில் ஹூலாப் போட்டி தொடங்கப்பட்டது. முதலாம் ஆண்டில் பெண்கள் குழுக்கள் மட்டுமே பங்கு பற்றின. 1976 ஆம் ஆண்டு முதல் ஆண்கள் குழுக்களும் கலந்து கொண்டன. முற்காலத்தில் ஆண்களுக்கும் உரியதாயிருந்து, பின்னர் பெண்களின் நடனமாகவே அறியப்பட்டு வந்த ஹூலாவில் ஆடவர் மீண்டும் பெருமளவில் ஈடுபட இது வழி வகுத்தது.

தனிநபர் போட்டியில் வெல்லும் பெண்ணுக்கு 'மிஸ் அலோஹா ஹூலா' என்னும் பட்டம் வழங்கப்படுகின்றது. 1971 ஆம் ஆண்டில் இதன் முதல் வெற்றியாளரான அலோஹா டலிரே பின்னாளில் புகழ் பெற்ற ஆசிரியராக விளங்கினார். அவரது மூன்று மகள்களும் பிற்பட்ட ஆண்டுகளில் இதே பட்டத்தைப் பெற்றனர்.

நாஓப்பே 2009 ஆம் ஆண்டிலும் டாட்டி தாம்சன் 2010 ஆம் ஆண்டிலும் காலமாயினர். கொரோனாத் தொற்றுக் காரணமாக 2020 ஆம் ஆண்டு விழா கைவிடப்பட்டது. 2021 ஆம் ஆண்டில் பார்வையாளர் இன்றிப் போட்டிகள் நடத்தப்பட்டுத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பப்பட்டன.

விழா நிகழ்ச்சிகள்

போட்டிகள் எடித் கனகா ஓலே அரங்கில் நடைபெறுகின்றன. எடித் கனகா ஓலே (1913–1979) ஹீலோவில் வாழ்ந்த ஹூலா ஆசிரியரும், பாடலாசிரியரும், ஹவாய் மொழிப் பேராசானும் ஆவார். 2023 ஆம் ஆண்டில் இவரது உருவம் ஐக்கிய அமெரிக்காவின் கால் டாலர் நாணயத்தில் பொறிக்கப்பட்டது.

விழா வாரத்தின் முக்கிய நிகழ்ச்சிகள் வருமாறு:

புதன்கிழமை: போட்டியில்லாத ஹூலா நிகழ்ச்சி. இதற்கு நுழைவுக் கட்டணம் இல்லை.
வியாழக்கிழமை: 'மிஸ் அலோஹா ஹூலா' தனிநபர் போட்டி.
வெள்ளிக்கிழமை: காஹிகோ எனப்படும் பழைய மரபு ஹூலாவில் குழுப் போட்டி.
சனிக்கிழமை: காலையில் நகர வீதிகளில் ஊர்வலம், மாலையில் அவுவனா எனப்படும் புதிய மரபு ஹூலாவில் குழுப் போட்டியும் பரிசளிப்பும்.

போட்டிக்கான நுழைவுச்சீட்டுகள் பல மாதங்களுக்கு முன்னரே முடிந்துவிடுவது வழக்கம். ஆயினும் போட்டிகள் தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பப்படுவதால் மாநிலம் முழுவதும் மக்கள் இல்லங்களில் இருந்தவாறே கண்டு களிக்கின்றனர். ஊர்வலத்தையும் கைவினைக் கண்காட்சியையும் கட்டணமின்றிப் பார்க்கலாம்.

இசையும் இசைக்கருவிகளும்

ஹூலா கற்பிக்கும் பள்ளி 'ஹாலாவ்' எனவும், அதன் ஆசிரியர் 'குமு' எனவும் அழைக்கப்படுகின்றனர். போட்டியில் ஆடும் பாடலைக் குமுவே தெரிவு செய்கின்றார். சில வேளைகளில் அவரே இயற்றுவதும் உண்டு.

காஹிகோ

இதில் நரம்புக் கருவிகள் இடம் பெறா. குமு ஓதும் பாடலும் தாளக் கருவிகளுமே இதற்குரியன. அவற்றுள் சில:

பாஹு: தென்னை மரத்தைக் குடைந்து, சுறாமீன் தோல் போர்த்திச் செய்யப்படும் முழவு.
இப்பு: சுரைக்குடுவையால் ஆன கருவி. இரு குடுவைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியும் செய்வர். தரையில் மோதியும் கையால் தட்டியும் ஒலி எழுப்பப்படும்.
இலிஇலி: ஆடுவோர் கைக்கு இரண்டாகப் பிடித்துத் தட்டும் வழவழப்பான எரிமலைக் கூழாங்கற்கள்.
உலிஉலி: விதைகள் இட்டு, இறகுகளால் அணி செய்த கிலுக்குக் குடுவை.

அவுவனா

இது மேலைநாட்டு இசையின் கலப்பால் உருவானது. இதற்குரிய கருவிகள் ஒவ்வொன்றும் புலம்பெயர்வு வரலாறு ஒன்றைச் சுமந்துள்ளன. கால்நடைகளை மேய்க்க 1830களில் மெக்சிக்கோ பகுதியிலிருந்து அழைத்துவரப்பட்டவர்கள் கித்தாரைக் கொண்டு வந்தனர். ஹவாய் மக்கள் அதன் நரம்புகளைத் தளர்த்திச் சுருதி கூட்டி, 'தளர்நரம்பு' முறை என்னும் தமக்கேயுரிய வாசிப்பு முறையை உருவாக்கினர். காபி பஹினுயி (1921–1980) இம்முறையின் தலைசிறந்த கலைஞராகப் போற்றப்படுகின்றார். 1879 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 23 ஆம் நாள் போர்த்துக்கலின் மதீரா தீவிலிருந்து கரும்புத் தோட்டத் தொழிலாளர்களை ஏற்றி வந்த கப்பலில் வந்திறங்கிய தச்சர்கள் சிலர், தம் நாட்டுச் சிறு கித்தாரை ஒட்டிச் செய்ததே யுகுலேலே ஆகும்.

ஒஆஹு தீவைச் சேர்ந்த ஜோசப் கெகுகு (1874–1932), உலோகத் துண்டை நரம்புகளின்மீது வழுக்கி வாசிக்கும் உருக்குக் கித்தார் முறையை உருவாக்கியவராகக் கருதப்படுகின்றார். 1915 ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோவில் நடைபெற்ற உலகக் கண்காட்சிக்குப் பின் இவ்விசை அமெரிக்கா முழுவதும் பரவியது. 1940களில் கல்கத்தாவில் தங்கியிருந்த டௌ மோ என்னும் கலைஞரின் குடும்பத்தினரால் இக்கருவி இந்தியாவில் மேலும் பரவிற்று. இந்தித் திரையிசையில் 'ஹவாயன் கித்தார்' எனக் குறிப்பிடப்படும் கருவி இதுவே. விசுவ மோகன் பட் வாசிக்கும் மோகன வீணையும் இம்மரபின் கிளையாகும்.

மொழி மீட்சியில் விழாவின் பங்கு

போட்டியில் கலந்து கொள்ளும் பள்ளிகள் தாம் ஆடும் பாடலின் மூலத்தையும், மொழிபெயர்ப்பையும், பின்னணியையும் நடுவர்களுக்கு முன்கூட்டியே அளிக்க வேண்டும். தனிநபர் போட்டியில் ஹவாய் மொழித் திறனுக்கெனத் தனி விருதும் உண்டு. எனவே வெல்ல விரும்பும் ஆசிரியர் பழம்பாடல்களைத் தேடிப் பொருள் உணர வேண்டியவராகின்றார். இதற்கு 1834 முதல் 1948 வரை வெளியான நூற்றுக்கு மேற்பட்ட ஹவாய் மொழிச் செய்தித்தாள்கள் பெருந்துணையாக உள்ளன. ஹவாய் மக்கள் தம் மரபுக் கதைகளையும் பாடல்களையும் அவற்றில் எழுதிப் பதிவு செய்திருந்தனர்.

1970களில் எழுந்த இப்பண்பாட்டு எழுச்சி அரசியலிலும் எதிரொலித்தது. 1978 ஆம் ஆண்டின் மாநில அரசியலமைப்புத் திருத்தத்தின்படி ஹவாய் மொழி ஆங்கிலத்துடன் ஆட்சிமொழியாயிற்று. ஆயினும் 1980களின் தொடக்கத்தில் இம்மொழியைச் சரளமாகப் பேசிய சிறுவர் தொகை ஐம்பதுக்கும் குறைவு என மதிப்பிடப்பட்டது. 1984 ஆம் ஆண்டில் ஹவாய் மொழி மட்டுமே பேசப்படும் 'பூனானா லியோ' மழலையர் பள்ளி முதன்முதலாகக் கவாயி தீவில் தொடங்கப்பட்டது. 1987 ஆம் ஆண்டில் அரசுப் பள்ளிகளிலும் ஹவாய் வழிக் கல்வி தொடங்கியது. ஹீலோவில் உள்ள ஹவாய்ப் பல்கலைக்கழக வளாகத்தில் 1997 ஆம் ஆண்டில் ஹவாய் மொழிக்கெனத் தனிக் கல்லூரி அமைந்தது.

மொழி மீட்சிக்கு இவ்விழா மட்டுமே காரணம் எனக் கூறுவது பொருந்தாது. ஆனால், பாடலைப் புரிந்துகொள்ளாமல் ஆட முடியாது என்னும் நிலையை ஏற்படுத்தியதன் மூலம், வகுப்பறைக்கு வராத பல்லாயிரவரையும் இவ்விழா மொழியின் பக்கம் ஈர்த்தது.

ஹீலோ உழவர் சந்தை

இச்சந்தை நகரின் கடலோர வீதியான கமேஹமேஹா நிழற்சாலையும் மமோ தெருவும் சந்திக்கும் இடத்தில் அமைந்துள்ளது. 1988 ஆம் ஆண்டில் நான்கு உழவர்கள் தம் விளைபொருட்களை வாகனங்களில் கொண்டுவந்து விற்றதிலிருந்து இது தொடங்கியது. பின்னர் பெருஞ்சந்தை நாட்களான புதன், சனிக்கிழமைகளில் சுமார் 200 பேர் கடை பரப்பும் அளவுக்கு வளர்ந்தது. ஏனைய நாட்களில் சில கடைகள் மட்டுமே இருக்கும்.

பின்புலம்

ஹவாயில் ஆண்டு முழுவதும் பயிர் செய்ய இயலும். ஹீலோ ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கும் கூடுதலாக மழை பெறும் ஊர். எனினும் மாநிலத்தின் உணவில் 85 முதல் 90 விழுக்காடு வெளியிலிருந்தே கப்பலில் வருவதாகப் பொதுவாக மதிப்பிடப்படுகின்றது. நூறாண்டுகளுக்கும் மேலாக நல்ல நிலமும் நீரும் ஏற்றுமதிக்கான கரும்புக்கும் அன்னாசிக்கும் சென்றதே இதற்கு முக்கிய காரணம். ஹவாய்த் தீவின் கரும்பு ஆலைகளுள் இறுதியானது 1996 ஆம் ஆண்டில் மூடப்பட்டது. மாநிலத்தின் கடைசி ஆலை 2016 ஆம் ஆண்டில் மாவுயி தீவில் மூடப்பட்டது. ஆலைகள் மூடப்பட்டபின் சிறு நிலங்களில் பயிரிடத் தொடங்கியோருக்கு, பெரிய அங்காடிகள் கேட்கும் அளவுக்கு ஒரே சீராகப் பொருள் வழங்குதல் இயலாது. சிறிதளவு கொண்டுவந்து நேரடியாக விற்பதற்கு இடமளிக்கும் சந்தையே அவர்களுக்குப் பிழைக்கும் வழியாக உள்ளது.

விளைபொருட்கள்

பொலினீசிய மக்கள் தம் ஓடங்களில் கொண்டுவந்து நட்ட பயிர்கள் பல இங்கே விற்கப்படுகின்றன. அவற்றுட் பெரும்பாலானவை தமிழர்க்கும் அறிமுகமானவையே.

காலோ: சேப்பங்கிழங்கு. ஹவாய் மக்களின் தலையாய உணவு. அவித்து மசித்துப் 'போயி' என்னும் களியாக உண்பர். இறந்து பிறந்த தெய்வக் குழந்தையைப் புதைத்த இடத்தில் முளைத்தது காலோ எனவும், அதன் தம்பியே மனித குலத்தின் மூதாதை எனவும் தொன்மம் கூறுகின்றது. குடும்பத்தைக் குறிக்கும் ஹவாய்ச் சொல்லும் சேம்பின் பக்கக் கன்றைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்பர்.
உலு: ஈரப்பலா அல்லது சீமைப்பலா.
ஓலெனா: மஞ்சள்.
தென்னை, வாழை, கரும்பு, வற்றாளைக்கிழங்கு ஆகியவையும் இவ்வாறு வந்தவையே.

தோட்டங்களில் வேலை செய்யக் கொண்டுவரப்பட்ட சீனர், யப்பானியர், பிலிப்பினோக்கள் முதலியோரின் உணவுப் பழக்கத்தால் பாகல், முருங்கைக்கீரை, கத்தரி வகைகளும் கிடைக்கின்றன. புனா வட்டாரத்துப் பப்பாளி, இலிச்சி, இரம்புட்டான், காப்பிக்கொட்டை, ஆர்க்கிட், அந்தூரியம் மலர்கள் ஆகியனவும் இங்கு விற்பனைக்கு வருகின்றன.

மேடையும் சந்தையும்

ஆடுவோர் அணியும் மலர்மாலையான லெய், இடையில் உடுக்கும் கீ இலை, கையில் ஏந்தும் சுரைக்குடுவை ஆகிய அனைத்தும் மண்ணிலிருந்து வருபவை. கீ இலை உணவைப் பொதிந்து வேக வைக்கவும் பயன்படுகின்றது. பாடலில் பெயர் சொல்லப்படும் செடியைப் பயிரிடுவோர் இல்லாது போனால் பாடலின் பொருளும் வெறும் சொல்லாகிவிடும் என்பதனால், நிலத்தைப் பேணுதலையும் ஹூலாக் கல்வியின் பகுதியாகவே ஆசிரியர்கள் கருதுகின்றனர்.

சிக்கல்கள்

ஓஹியா மர நோய்: ஹவாய்க்கே உரிய ஓஹியா மரங்களை விரைவாக அழிக்கும் பூஞ்சை நோய் 2014 ஆம் ஆண்டில் அடையாளம் காணப்பட்டது. இம்மரத்தின் லெஹுவா மலர் ஹூலாவில் முக்கியமானது. வெட்டுக்காயங்கள் வழியே நோய் பரவுவதால், 2016 ஆம் ஆண்டு விழாவின்போது இம்மலரையும் தழையையும் பறிக்க வேண்டாம் என வேண்டுகோள் விடுக்கப்பட்டது. பல பள்ளிகள் மாற்று மலர்களைப் பயன்படுத்தின.

எரிமலை: 2018 ஆம் ஆண்டில் கிலௌயேயா எரிமலையின் குழம்பு புனா வட்டாரத்தில் ஏறத்தாழ 700 வீடுகளையும் பல தோட்டங்களையும் மூடியது.

போட்டி குறித்த விமர்சனம்: வழிபாட்டோடு தொடர்புடைய கலைக்கு மதிப்பெண் இடுவது தகுமா என்னும் கேள்வி தொடக்கம் முதலே உண்டு. இக்காரணத்தால் சில பள்ளிகள் போட்டியில் கலந்து கொள்வதில்லை. போட்டி இல்லாத புதன்கிழமை நிகழ்ச்சி இத்தகையோருக்கும் இடமளிக்கின்றது.

பயணிகள் அறிய வேண்டியவை

விழா வாரத்தில் ஹீலோவில் தங்குமிடம் கிடைப்பது அரிது, முன்பதிவு தேவை.
சந்தைக்குக் காலையிலேயே செல்வது நன்று. சில்லறைப் பணமும் துணிப்பையும் உடன் கொண்டு செல்லலாம்.
கிழக்கு ஹவாயில் எலி நுரையீரல் புழு நோய் காணப்படுவதால் கீரைகளையும் இலைக்கறிகளையும் நன்கு கழுவியே உண்ண வேண்டும்.
ஹவாயிலிருந்து அமெரிக்கப் பெருநிலத்துக்குச் செல்வோரின் பொதிகளை வேளாண் துறையினர் சோதிப்பர். பெரும்பாலான புதிய பழங்களுக்கு அனுமதி இல்லை. அன்னாசி, தேங்காய், வறுத்த காப்பிக்கொட்டை ஆகியவற்றைக் கொண்டு செல்லலாம்.

ஏனைய விழாக்களும் சந்தைகளும்

1946 ஆம் ஆண்டில் 'அலோஹா வாரம்' என்னும் பெயரில் தொடங்கிய அலோஹா விழாக்கள், 1978 ஆம் ஆண்டில் போட்டியின்றித் தொடங்கப்பட்ட இளவரசர் லோட் ஹூலா விழா ஆகியவை ஒஆஹு தீவின் குறிப்பிடத்தக்க விழாக்களாகும். ரோய் சகுமா 1971 ஆம் ஆண்டில் தொடங்கிய யுகுலேலே விழா பல பத்தாண்டுகள் ஹொனலுலுவில் நடத்தப்பட்டது. சந்தைகளுள், ஹொனலுலு மாநகரம் 1973 ஆம் ஆண்டில் தொடங்கிய மக்கள் திறந்தவெளிச் சந்தைகளும், கபியோலானி சமுதாயக் கல்லூரி வளாகத்தில் 2003 ஆம் ஆண்டில் தொடங்கிய சனிக்கிழமைச் சந்தையும் அறியப்பட்டவை.

இவற்றையும் பார்க்க

ஹூலா
ஹவாய் மொழி
யுகுலேலே
சேம்பு
கலாகௌவா